ஆணின் முதுமையும் ஒரு சுரப்பியின் வரலாறும்



வேலூருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பொய்கை என்றோர் ஊர் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே மாட்டுச் சந்தை கூடும். சிறு பிராயத்தில் என் பாட்டனாரின் கையைப் பற்றிக்கொண்டு அச்சந்தைக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். மாடு வாங்குவதைவிட மாடு பார்ப்பதில் அவருக்கு விருப்பம் மிகுதி. ஒரு காளையின் அருகே நின்று, "பாரப்பா, இதன் திமிலையும் கழுத்தையும் பார். இது காயடிக்காதது. ஏரில் பூட்டினால் உன் பேச்சைக் கேளாது" என்பார். அடுத்த மாட்டைக் காட்டி, "இது சிறு வயதிலேயே காயடித்தது. கழுத்து மெலிந்திருக்கிறது பார். குழந்தை ஓட்டினாலும் போகும்" என்பார். பொங்கலை ஒட்டி எங்கள் பக்கத்து ஊர்களில் காளை விடும் விழா நடக்கிறதே, அதில் ஓடுவது முதல் வகை. வயலில் உழைத்துத் தேய்வது இரண்டாம் வகை.

எங்கள் ஊராகிய ஆம்பூரில் இந்த வேறுபாட்டைத் தோல் மண்டிக்காரர்களும் அறிவர். மாடு கண்ணெதிரே இருக்க வேண்டுவதில்லை; உப்பிட்டு மடித்த தோலை விரித்துக் கழுத்துப் பக்கத்தில் கை வைத்தாலே போதும். காளைத் தோல் கழுத்திலும் தோளிலும் தடித்து மடிப்பு விழுந்திருக்கும். காயடித்த மாட்டின் தோல் ஏறக்குறைய ஒரே கனமாக இருக்கும். ஆவாரம்பட்டையில் தோலை ஊறவைத்துப் பதனிட்ட அந்தக் காலத்திலிருந்து, குரோமிய உப்பில் பதனிடும் இந்தக் காலம் வரை, இதை அறியாத வியாபாரி இருந்ததில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நீக்கப்பட்டதோ பின்னங்கால்களுக்கிடையே தொங்கும் ஓர் உறுப்பு. அதனால் கழுத்துத் தோல் ஏன் மெலிய வேண்டும்? குணம் ஏன் சாதுவாக வேண்டும்? இடையில் கயிறும் இல்லை, குழாயும் இல்லை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இம்மாற்றங்களை எழுதிவைத்தார். உழவர்கள் அவருக்கும் முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் "எவ்வாறு" என்ற வினாவுக்கு விடை காணும் முதற்படியை 1849-ஆம் ஆண்டில்தான் ஒருவர் ஏறினார். அந்த விடையைத் தேடிய கதையே இன்று நான் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். ஆண்மகனுக்கு முதுமையில் உடலுக்குள் நேரும் மாற்றம் என்ன என்பது அக்கதையின் பிற்பகுதி. இதை ஏன் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களை மாணவர்களும்தாம் படிக்கிறார்கள் என்பதே என் மறுமொழி.

ஜெர்மனியில் கட்டிங்கன் என்னும் பல்கலைக்கழக நகரில் ஆர்னால்டு பெர்டோல்டு என்ற பேராசிரியர் இருந்தார். அவர் எடுத்துக்கொண்டவை 6 இளஞ்சேவல்கள். விரைகளை முற்றிலும் நீக்கிய சேவல்கள் கொழுத்தன. ஆனால் கொண்டை சிவந்து வளரவில்லை, கூவவில்லை, சண்டையிடவில்லை, பெட்டைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேறு சில சேவல்களுக்கு விரையை அறுத்தெடுத்து, அதை வயிற்றின் உட்புறத்தில் குடலருகே வைத்துத் தைத்தார். இடம் மாறியது, பழைய நரம்புத் தொடர்பு அறுந்தது. ஆனால் இச்சேவல்கள் கொண்டை வளர்ந்து, விடியலில் கூவி, வேலியோரம் சண்டையிட்டு, எல்லா வகையிலும் சேவல்களாகவே விளங்கின. பிறகு அறுத்துப் பார்த்தபோது, நட்ட உறுப்புக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தன. நரம்பு வழியாக அன்று, இரத்தத்தின் வழியாகவே ஏதோ ஒரு பொருள் உடல் முழுதும் செல்கிறது என்று பெர்டோல்டு முடிவு கட்டினார்.

நாளமில்லாச் சுரப்பிகள் என்று இன்று நீங்கள் பாடநூலில் படிக்கும் பெரிய துறைக்கு அந்த ஆய்வே வித்து. அவர் எழுதிய கட்டுரையோ நான்கே பக்கம். வேடிக்கை என்னவெனில், அதை எவரும் பொருட்படுத்தவில்லை. அவரும் அதைத் தொடரவில்லை. அடுத்த ஆண்டு, 1850-இல், பிரான்ஸ் லைடிக் என்ற மற்றொரு ஜெர்மானியர் விரையினுள் ஒருவகைத் தனி அணுக்களை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். அப்பொருளைச் சுரப்பவை அவ்வணுக்களே. ஒருவர் வேலையைக் கண்டார், மற்றவர் வேலைக்காரனைக் கண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

அமைதியான ஆய்வைக் கேளாத உலகம் ஆரவாரத்தை உடனே கேட்டது. 1889-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பாரிஸ் நகரில் அறிஞர் சபையொன்றில், சார்லஸ் எட்வர்டு பிரௌன்-செக்கார் என்ற முதியவர் எழுந்து பேசினார். அவருக்கு வயது 72. நம் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் குடியேறிய மொரீஷியஸ் தீவில் பிறந்தவர். தண்டுவட நரம்புகள் பற்றிய ஆராய்ச்சியில் மெய்யாகவே பெரும்பெயர் பெற்றவர். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கிப் பிழிந்த நீரைத் தாமே தம் உடலில் ஊசியால் ஏற்றிக்கொண்டதாகவும், படியேறும் வலிமையும், எழுதும் ஊக்கமும், பிற இளமைக் குறிகளும் திரும்பியதாகவும் அவர் அறிவித்தார். செய்தி காட்டுத்தீயெனப் பரவியது. அவரவர் ஊரில் அவரவர் பிழிந்து விற்கத் தொடங்கினர்.

அவர் பொய் சொன்னாரா? நான் அவ்வாறு நினைக்கவில்லை. அப்பொருள் எண்ணெயில் கரைவது, நீரில் அரிதாகவே கரைவது என்பது இன்று நமக்குத் தெரியும். ஆகவே அவர் ஏற்றிக்கொண்ட நீரில் பயன்தரும் அளவு மருந்து இருந்திருக்க இயலாது. அவருக்கு வலிமை தந்தது அவருடைய நம்பிக்கை. பெரிய அறிஞரும் தம் உடலைத் தாமே சோதிக்கும்போது ஏமாறலாம். 5 ஆண்டுகளில், 1894-இல், அவர் காலமானார்.

இந்த வேட்கை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. யயாதியின் கதையை நீங்கள் அறிவீர்கள். சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் முதுமையடைந்த அம்மன்னன், தன் மைந்தர்களிடம் இளமையைக் கேட்டான். பூரு ஒருவனே கொடுத்தான். முதுமையை ஒழிக்க முடியாது, வேண்டுமானால் வேறொருவர் தலையில் ஏற்றலாம் என்று கண்ட அக்கதாசிரியரின் கூர்மையை எண்ணி நான் வியப்பதுண்டு. ஜவ்வாது மலைக்கு அப்பால் தகடூரை ஆண்ட அதியமான், ஆயுளை நீட்டும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான் என்பது நம் சங்கச் செய்தி. சித்தர்கள் காயகற்பம் என்றனர். அண்மைக் காலத்திலும் அதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய பண்டித மதன்மோகன் மாளவியா, 1938-இல், தமது 76-ஆவது வயதில், தபசி பாபா என்ற துறவியின் மேற்பார்வையில் பல நாட்கள் இருட்டறையில் தங்கிக் காயகற்ப சிகிச்சை மேற்கொண்டார். நாடெங்கும் நாளிதழ்கள் அதை எழுதின. தெளிவு கண்டார் என்று செய்தி வந்தது. ஆனால் மூப்பு வந்த வழியே திரும்பிப் போகவில்லை. 1946 நவம்பரில் அவர் மறைந்தார்.

மீண்டும் ஐரோப்பாவுக்கு வருவோம். 1905-இல் இலண்டனில் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்பவர், இரத்தத்தின் வழியே தூது செல்லும் இவ்வகைப் பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். தூண்டுவது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பெயர் கிடைத்ததும் மோகம் இரட்டித்தது. வியன்னாவில் ஆய்ஜன் ஸ்டைனாக் என்பவர், விந்து செல்லும் குழாயைக் கட்டிவிட்டால் விரை தன் ஆற்றலை எல்லாம் ஹார்மோன் சுரப்பதில் செலவிடும், முதியவர் இளையவராவார் என்றார். உளநூல் அறிஞர் பிராய்டு 1923-இல் அந்த அறுவையைச் செய்துகொண்டார். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1934-இல், 68-ஆவது வயதில் செய்துகொண்டார். தாகூரின் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதிய அதே யேட்ஸ்தாம். அறுவைக்குப் பின் அவர் மிகுந்த ஊக்கத்துடன் கவிதை எழுதினார். புரோகித் சுவாமி என்ற இந்தியத் துறவியுடன் சேர்ந்து உபநிடதங்களை மொழிபெயர்த்து 1937-இல் வெளியிட்டார். புகழ் முழுதும் அறுவைக்கே போயிற்று. உபநிடதத்துக்கு அதில் பங்குண்டா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் நம் நாட்டுக்குரிய ஒரு விசித்திரம் இருக்கிறது. ஸ்டைனாக் செய்த அறுவை, பின்னாளில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக நம் நாட்டு ஆடவர் இலட்சக்கணக்கானோர் செய்துகொண்ட அறுவையோடு ஏறத்தாழ ஒன்றே. வியன்னாவில் அதைச் செய்துகொண்டால் இளமை வரும் என்று பணம் கட்டி வரிசையில் நின்றனர். நம் சிற்றூர்களில் அதைச் செய்துகொண்டால் ஆண்மை போய்விடும், ஏர் பிடிக்க முடியாது என்று அஞ்சி ஓடினர். இரண்டும் பிழை. அக்குழாய் விந்தணு செல்லும் வழி மட்டுமே. ஹார்மோன் செல்லும் வழி இரத்தம் என்பதைப் பெர்டோல்டின் சேவல்கள் 1849-இலேயே சொல்லிவிட்டன.

பாரிஸில் 1920-இல் செர்கெய் வோரனாஃப் என்பவர் குரங்கின் விரையை மெல்லிய துண்டுகளாக நறுக்கிச் செல்வந்தர்களின் உடலில் ஒட்டினார். வேற்று உயிரின் தசையை நம் உடல் ஏற்காது, அழித்துவிடும். அவ்வளவே அக்கதை. பாவம், குரங்குகள்.

இனி எங்கள் தோல் மண்டலத்து மாணவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதி வருகிறது. இத்தனை ஆரவாரத்துக்கும் இடையே, அந்தப் பொருளைக் கண்ணால் கண்டவர் 1920-கள் வரை எவரும் இல்லை. அதைப் பிரித்தெடுக்க வேண்டுமாயின் மூலப்பொருள் மலையளவு வேண்டும். அது எங்கே கிடைக்கும்? தோல் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான். அமெரிக்காவின் சிகாகோ நகரம் அக்காலத்தில் உலகின் மாபெரும் இறைச்சிக் கூடம். 1927-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரெட் கோக் என்ற பேராசிரியரும் லெமுவேல் மெக்கீ என்ற அவர் மாணவரும் இறைச்சிக் கூடத்திலிருந்து காளைகளின் விரைகளைப் பெற்று, கரைத்து, வடித்து, மீண்டும் கரைத்து, ஏறத்தாழ 20 கிலோவிலிருந்து 20 மில்லிகிராம் சாறு எடுத்தனர். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்! அது சரியான பொருள்தானா என்று எவ்வாறு அறிந்தனர்? விரை நீக்கிய சேவலுக்கு ஊசி போட்டனர்; கொண்டை வளர்ந்தது. பெர்டோல்டின் சேவல் 78 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சாட்சி சொல்லிற்று.

நெதர்லாந்தில் இன்னும் பொருத்தமான செய்தி உண்டு. ஓஸ் என்னும் ஊரில் சுவானன்பெர்க் என்ற குடும்பம் இறைச்சித் தொழிற்சாலை நடத்தியது. கழிவாகப் போகும் சுரப்பிகளை மருந்தாக்கலாமே என்று எண்ணி, ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் எர்னஸ்ட் லாக்கரோடு சேர்ந்து 1923-இல் ஆர்கனான் என்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கினர். இறைச்சி ஒருவருக்கு, தோல் ஒருவருக்கு, சுரப்பி மற்றொருவருக்கு. 1935-இல் லாக்கரின் ஆய்வுக் குழு 100 கிலோ காளை விரையிலிருந்து 10 மில்லிகிராம் தூய படிகத்தைப் பிரித்து, 'டெஸ்டோஸ்டிரோன்' என்று பெயர் சூட்டியது. 10 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் மிகக் குறைவு. நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டால் தேடவேண்டியதுதான்.

இதற்கிடையே கட்டிங்கன் நகரிலேயே, பெர்டோல்டு இருந்த அதே ஊரில், அடால்ஃப் பூட்டநாண்ட் என்ற இளைஞர் 1931-இல் வேறு வழியில் முயன்றார். பெர்லின் நகரக் காவலர் பாசறைகளில் சேகரித்த ஏறத்தாழ 15,000 லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி வடித்து, 15 மில்லிகிராம் உறவுப் பொருள் ஒன்றை எடுத்தார். டெஸ்டோஸ்டிரோனின் அமைப்பு தெரிந்த சில மாதங்களிலேயே, அவரும், சூரிச் நகரில் லியோபோல்டு ருசிக்காவும் தனித்தனியே அதைக் கொலஸ்டிராலிலிருந்து செயற்கையாகச் செய்து காட்டினர். அத்துடன் இறைச்சிக் கூடத்தின் வேலை முடிந்தது. இருவருக்கும் 1939-இல் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஹிட்லர் அரசு தடுத்தமையால் பூட்டநாண்ட் அன்று பரிசை ஏற்க இயலவில்லை. போர் முடிந்தபின் 1949-இல்தான் பட்டயம் அவர் கைக்கு வந்தது.

மருந்து மலிவாயிற்று. மருந்து மலிவானால் நோய் பெருகும் என்று என் ஆசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். பெண்களுக்கு ஏறத்தாழ 50 வயதில் மாதவிடாய் நின்று, சில ஆண்டுகளுக்குள் பெண் ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. அதுபோல் ஆண்களுக்கும் ஒரு கட்டம் உண்டு என்று சிலர் எழுதலாயினர். கார்ல் ஹெல்லர், கார்டன் மையர்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1944-இல் இதை ஒழுங்காக ஆராய்ந்தனர். சோர்வு, வேர்வை, மனவாட்டம் என்று வந்தவர்களுள், ஒரு சாராருக்கு விரை மெய்யாகவே தளர்ந்து, அதை எழுப்ப மூளையடிச் சுரப்பி மிகுதியாக உழைப்பது சோதனையில் தெரிந்தது. ஹார்மோன் அவர்களுக்குப் பயன்பட்டது. மறு சாராருக்குச் சுரப்பி நன்றாகவே இருந்தது, மருந்து பயன்படவில்லை. குறி ஒன்றாயினும் காரணம் இரண்டு என்று காட்டிய அவ்வாய்வு அன்று வெளிவந்தவற்றுள் நேர்மையானது. அடுத்த ஆண்டே இம்மருந்தைப் போற்றி ஒரு நூல் வெளிவந்து அமெரிக்காவெங்கும் பரபரப்பாகப் படிக்கப்பட்டது. ஆய்வின் முதற்பாதி அனைவருக்கும் நினைவிருந்தது. இரண்டாம் பாதி மறந்துபோயிற்று.

சுரப்பி மெய்யாகவே கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே துயரமான சான்று இருந்தது. பழைய வட ஆர்க்காடு மாவட்டம், 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்த பகுதிகளையும் உள்ளடக்கியது, ஒரு காலத்தில் தொழுநோய் மிகுந்த நிலம். இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய மருத்துவமனையே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே 1946-இல் வந்து சேர்ந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்திக் காட்டினார். அருகேயுள்ள கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆய்வு நிலையம் தோன்றியது.

கையும் காலும் முகமும் பற்றி உலகம் பேசியது. பேசாத ஒன்று இருந்தது. தொழுநோய்க் கிருமி குளிர்ந்த இடத்தை விரும்புவது. 1960-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஷெப்பர்டு அதைச் சுண்டெலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டியது இக்காரணம் பற்றியே. மூக்கு, காதுமடல், கை கால் நரம்புகள் இவற்றைப் போலவே, உடலின் உள்வெப்பத்தினும் சற்றுக் குளிர்ந்த இடம் விரை. ஆகவே கிருமி உடலெங்கும் பரவும் வகைத் தொழுநோயில் விரை அழற்சியுற்றுச் சுருங்கும். 30 வயது ஆண்மகனுக்குத் தாடி மெலியும், மார்பு பெண்ணின் மார்பு போல வீங்கும், எலும்பு நொய்யும், பிள்ளைப் பேறு இல்லாமற் போகும். விரல் மடங்கியதை மேல்துண்டால் மறைத்தவர்கள், மார்பு வீங்கியதையும் அதே துண்டால் மறைத்தனர். எங்கள் தெருக்கோடியில் கோடையிலும் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். குளிர் என்றே நினைத்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவ நூலைப் படித்தபோதுதான் எனக்கு வேறு காரணம் தோன்றியது. அப்போது அவர் இல்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களில் பரவியபின் இக்காட்சி அருகிற்று.

ஹார்மோன் மெய்யாகவே வற்றினால் இவ்வாறு இருக்கும். இயல்பான முதுமையோ வேறு. காலை வேளையில் ஒரு துளி இரத்தத்தில் இப்பொருளை அளக்கும் முறை, ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில் வகுத்த கதிரியக்க அளவை வழியாகப் பிறந்தது. யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். அதன் பின்னரே ஊகத்துக்கு மாறாக எண்கள் கிடைத்தன. நடுவயதுக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு அளவே டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. பெண்களுக்கு நேர்வது அணைக்கதவை மூடியது போன்றது. ஆண்களுக்கு நேர்வது கோடையில் கிணற்று நீர் இறங்குவது போன்றது. சிலருக்கு 80 வயதிலும் கிணறு நிறைந்தே இருக்கும். 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆடவரைச் சோதித்தது. குறைந்த அளவும் அதற்குரிய குறிகளும் ஒருங்கே உடையவர்கள் 2.1 விழுக்காட்டினரே. உடற்பருமனும் பிற நோய்களும் இக்குறைவுக்குப் பெருங்காரணமாக இருந்தன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டு எனக்குக் காரணமின்றிச் சோர்வு வந்தது. செய்தித்தாளை முடிக்குமுன் கண் செருகும். 30 ஆண்டுகள் பிறர் பிள்ளைகளை அதட்டிய குரல் எங்கோ போயிற்று. நண்பர் ஒருவர், ஒரு விடுதி அறையில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். அவர் என் நாடியைத் தொட்டதும், "ஐயா, நரம்பு தளர்ந்துவிட்டது, இது ஆண்களுக்கு இந்த வயதில் வருவது" என்றார். 4,500 ரூபாய் கொடுத்து இலேகியம் வாங்கினேன். படித்தவன், பிறருக்குப் பாடம் சொன்னவன், அதை வீட்டில் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்து உண்டேன். வெட்கம் எவ்வளவு வலிய வியாபாரி என்பதை அன்று கண்டேன். இத்தகைய மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே நம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் சுவரில் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் வயிற்றெரிச்சலே மிச்சம். பிறகு மருத்துவராயிருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சார், நாளைக் காலை 8 மணிக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள். அந்த ஹார்மோன் விடியலில் மிகுதி, மாலையில் குறைவு. மாலையில் எடுத்தால் இளைஞனுக்கும் குறைவாகக் காட்டலாம்" என்றார். முதற்பேருந்தில் சென்றேன். டெஸ்டோஸ்டிரோன் என் வயதுக்கு இருக்க வேண்டியபடியே இருந்தது. சர்க்கரை ஏறியிருந்தது. "சார், வயதைக் குறைக்க என்னிடம் மருந்து இல்லை. சர்க்கரையைக் குறைக்க இருக்கிறது" என்றார். நடக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். ஆறு திங்களில் 7 கிலோ எடை குறைந்தேன். இப்போது செய்தித்தாளை விளம்பரம் வரை படிக்கிறேன்.

அப்படியானால் அம்மருந்து எவருக்கும் வேண்டாமா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. விரையோ மூளையடிச் சுரப்பியோ மெய்யாகவே கெட்டவர்களுக்கு அது பெரும் நன்மை. முதியோரைப் பொறுத்தவரை, 65 வயதுக்கு மேற்பட்ட 790 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. தொடக்கத்திலேயே ஹார்மோன் குறைந்திருந்த அவர்களுக்கு இல்லற விருப்பத்தில் ஓரளவு முன்னேற்றம். சோர்வு நீங்குவதில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. 5,000-க்கு மேற்பட்டோரை வைத்து நடந்த மற்றோர் ஆய்வு 2023-இல், மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் மிகவில்லை என்று ஆறுதல் கூறியது. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக் கட்டியும் சிலருக்கு மிகுந்தன. எண்ணெயில் கரைத்து ஊசியாக இடப்படும் அம்மருந்து, எள்ளெண்ணெய் கலந்திருப்பினும், தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் நல்லெண்ணெய் அன்று.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்க இதே ஊசியை இளைஞர்களுக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், போதும் என்று எண்ணி மூளையடிச் சுரப்பி தன் ஆணையை நிறுத்திவிடும். ஆணை நின்றால் விரை வேலையை நிறுத்திச் சுருங்கும், விந்தணு அருகும். ஊசியை விட்டபின் பழைய நிலை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஆண்டுகள். பொய்கைச் சந்தையில் என் பாட்டனார் காட்டிய இரண்டாம் மாட்டுக்குப் பிறர் செய்ததை, இவர்கள் பணம் கொடுத்துத் தமக்குத் தாமே செய்துகொள்கிறார்கள். வெளியே பார்க்கும்போது மட்டும் முதல் மாட்டின் கழுத்து.

சென்ற தை மாதம் அச்சந்தைக்கு மறுபடி போயிருந்தேன். டிராக்டர் வந்தபின் உழவு மாடு குறைந்துவிட்டது. விழாவுக்கு ஓடும் காளைகளே விலை போகின்றன. ஒரு சிறுவன் தன் தாத்தாவிடம், அந்தக் காளைக்கு மட்டும் கழுத்து ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டுக்கொண்டிருந்தான். கிழவர், "அது அப்படித்தான்" என்று சொல்லி நகர்ந்தார். நான் அச்சிறுவன் அருகில் போய் நின்றேன்.